உள்ளே இருப்பதோடு சேர்த்து

2023 ஆம் ஆண்டு மார்ச் 11 ஆம் திகதி, சனிக்கிழமை முற்பகல், கொட்டாஞ்சேனையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த ஏலத்தில், துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற வின்சன்ற், இங்கிலாந்தில் செய்யப்பட்ட நெட்டை மணிக்கூடு ஒன்றுடன் சேர்த்து விற்கப்பட்டார். வாங்கியவர் வெள்ளவத்தையைச் சேர்ந்த அலவி.

அன்றைய ஏலத்தில் வெள்ளைக்காரர் காலத்துச் சாமான்கள் பல இருந்தன. மூலைகளில் பித்தளை அடித்த பட்டாளத்துப் பெட்டகங்கள், நெட்டித் தொப்பிகள், உறை பிய்ந்த வாள் ஒன்று, துப்பாக்கிமுனைக் கத்திகள், நாடா நிறம் போன பதக்கங்கள், தோல் தளர்ந்த ஒரு படைமுரசு. ஏலம் கூறியவர் ஹாஷிம். அவருடைய தகப்பனும் இதே தொழில்தான் செய்தார். பூட்டிய அலுமாரிகளையும் திறபடாத லாச்சிகளையும் மினக்கெட்டுத் திறந்து பார்ப்பதில்லை என்பது அவர்களுடைய வழக்கம். சுத்தியலை இறக்குவதற்கு முன் 'உள்ள இருக்கிறதோட சேர்த்து' என்று சொல்லிவிட்டால், உள்ளே என்ன இருந்தாலும் அது வாங்கியவருக்கு. இப்படிப் பழைய துப்பாக்கி ரவைகள் போயிருக்கின்றன, ஒருவருடைய பொய்ப்பற்கள் போயிருக்கின்றன. நுகேகொடைக்குப் போன ஒரு அலுமாரியோடு பூனையொன்றும் அதன் குட்டிகளும் போயின. அந்தப் பூனை பின்பு ஒருநாளும் அந்த அலுமாரியை விட்டு இறங்கவில்லை என்று வாங்கிய டாக்டர் ஹாஷிமிடம் சொல்லியிருக்கிறார். ஹாஷிம் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

மணிக்கூடு வின்சன்றுடையதுதான். அவருடைய தகப்பன் வேலை செய்த கப்பல் கொம்பனி மூடப்பட்டபோது, கந்தோரில் இருந்த சாமான்களை வேலையாட்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். தகப்பன் இதை எடுத்தார். எட்டடிக்குச் சற்று மேலான உயரம், மேலே மூன்று மரக்குமிழ்கள், முகத்தில் லண்டன்காரன் ஒருவனின் பெயர். பின்பலகையைக் கறையான் எப்போதோ தின்றுவிட்டது. கொட்டாஞ்சேனையில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டை உரிமையாளர் இடிக்கப்போகிறார் என்றானதும், வின்சன்றும் மனைவி றோஸியும் மட்டக்குளியில் ஒரு தொடர்மாடி வீட்டுக்குப் போக ஏற்பாடு செய்தார்கள். அங்கே மணிக்கூடு படியில் திரும்பவும் மாட்டாது, கூரைக்குள் அடங்கவும் மாட்டாது. அதனால்தான் விற்றார்கள். ஏலத்துக்கு ஏற்றி வந்தபோது லொறி ஒரு குழியில் விழுந்து, ஊசலைத் தாங்கும் மெல்லிய உருக்குத் தகடு முறிந்துபோனது. ஓடாத மணிக்கூட்டை ஆட்கள் விறகு விலைக்குக் கேட்பார்கள் என்று வின்சன்றுக்குத் தெரியும். அவர் மணவறை மேடையின் திரைக்கும் மணிக்கூட்டுக்கும் இடையில் புகுந்து, கறையான் தின்ற பின்பக்கத்தால் தோள்வரை கையை விட்டு, முகத்தையும் பாதி உள்ளே வைத்துக்கொண்டு, ஊசலின் கம்பியைத் தூக்கிப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டினார். மணிக்கூடு ஓடியது. அலவி பட்டாளத்துப் பெட்டகம் ஒன்றுக்காக வந்தவர். டிக் டிக் என்ற சத்தத்தைக் கேட்டு நின்று, வீட்டுக்கு போன் எடுத்து, மனைவி நளீபாவிடம் 'ஓடுற மணிக்கூடு' என்று சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினார். ஹாஷிம் வழக்கமான வார்த்தையைச் சொல்லிச் சுத்தியலை இறக்கினார். வின்சன்றின் கை அப்போதும் உள்ளேதான் இருந்தது.

அவர் லொறியில் கூடவே ஏறிப் போனது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. பழகிய சாமானைப் பிரிய மனமில்லை என்று நினைத்தார்கள், அவரும் அப்படித்தான் நினைத்தார். வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு லேனில், இரண்டாம் மாடியில் அலவியின் வீடு. நடுக்கூடத்தில் அவர் முன்பே சேர்த்து வைத்திருந்த தொப்பிகளுக்கும் வாளுக்கும் பக்கத்தில் மணிக்கூட்டை நிறுத்தினார்கள். வின்சன்ற் கையை வெளியே எடுத்தார். ஊசல் பெட்டியின் அடியில் கழன்று கிடந்தது, மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. நளீபா கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, போய்வருகிறேன் என்று கீழே இறங்கியவருக்கு, கேற்றுக்கு வெளியே கால் எடுத்து வைக்க முடியவில்லை. சீனி வருத்தம் காலுக்கு வந்துவிட்டதாக எண்ணி மேலே போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் இடமும் வலமுமாக மெதுவாக அசைந்தார். அவர் இடப்பக்கம் சாய்ந்தபோது மணிக்கூடு டிக் என்றது, வலப்பக்கம் சாய்ந்தபோதும் டிக் என்றது.

மணிக்கூட்டின் சத்தம் எதுவரை கேட்கிறதோ அதுவரை அவரால் போக முடியும் என்பது சில கிழமைகளில் தெரிந்தது. பகலில் பஸ் ஹோர்ன்களும் கடற்கரை ரெயிலும் இரைகிறபோது அவருடைய உலகம் கூடத்துக்குள் ஒடுங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை விடிகாலைகளில் அது லேனின் வாசல்வரை நீளும். அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை அவர் காலி வீதியில் நின்ற மட்டக்குளி பஸ்ஸில் ஏறி, யன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தார். பஸ் போனது, அவர் போகவில்லை. இருக்கை இருந்த உயரத்தில், இருந்த நிலையிலேயே, பஸ் தரிப்பிடத்துக்கு மேலே காற்றில் உட்கார்ந்திருந்தார். பேப்பர் விற்பவர் அவரைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். அவருடைய செருப்புகள் மட்டக்குளிக்குப் போய்ச் சேர்ந்தன, றோஸி அவற்றைக் கொண்டக்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

றோஸி தனியாகத்தான் வீடு மாறினாள். கட்டிலைப் பிரித்ததும் சுவாமிப் படங்களை இறக்கியதும் அவள்தான். காலையில் சமைத்து, பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வந்து, கூடத்தில் அவருக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்து சாப்பாடு கொடுத்துவிட்டு, பொழுதுபடமுன் திரும்புவாள். முதல் நாட்களில் அவள் கோபத்தைக் காட்டினாள்.

"கள்ளத்தனமா ஆட்டினதுக்கு உங்களுக்கு நல்லா வேணும்."

"ஆட்டாட்டி அத ஆர் வாங்கியிருப்பான்?"

"ஆரும் வாங்காட்டி நீங்க வீட்டில இருந்திருப்பீங்க."

அந்த வருடம் தவக்காலமும் நோன்பும் அடுத்தடுத்து வந்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. வீட்டுக்காரர் நோன்பிருக்க அவர்கள் முன்னால் சாப்பிட வின்சன்றுக்குக் கூச்சமாக இருந்ததால் அவரும் பகலில் சாப்பிடுவதை விட்டார், மாலையில் அவர்களோடு கஞ்சி குடித்தார். நளீபாவுக்கு இது எளிதான காலம் அல்ல. அந்நிய ஆண் ஒருவர் கூடத்தில் எப்போதும் இருந்தபடியால் தன் வீட்டுக்குள்ளேயே அவள் காலை முதல் முக்காட்டோடு திரிந்தாள், ரீவி பார்ப்பதை நிறுத்தினாள். ஆனாலும் அவர் முகம் சுளிக்கும்படி ஒரு சொல் சொன்னதில்லை.

அலவி தேயிலை ஏற்றுமதிக் கந்தோர் ஒன்றில் முகாமையாளராக இருந்தவர், நியாயமான மனிதர். றோஸி வந்து கேட்ட முதல் நாளே அவர் தன் நிலைமையை மறைக்காமல் சொன்னார். "நான் வாங்கினது ஓடுற மணிக்கூடு, மிஸிஸ் வின்சன்ற். ஆள வாங்கல்ல. ஆனா ஆள் போனா அது ஓடாது." பின்பு அவரே வெட்கப்பட்டு, புறக்கோட்டையிலிருந்து மணிக்கூடு திருத்துபவர் ஒருவரை வரவழைத்தார். திருத்துபவர் புதிய தகடு போட்டார், முறிந்தது. தடித்த தகடு போட்டார், அதுவும் முறிந்தது. அவர் வின்சன்ற் இடமும் வலமுமாக அசைவதைப் பார்த்துவிட்டு, கூலி வாங்காமல் பையை மூடினார். "இதுக்கு பெண்டுலம் ஏற்கெனவே போட்டிருக்கு நானா. ரெண்டு பெண்டுலம் ஏலாது," என்றார்.

பொலிஸில் முறைப்பாடு எழுத வந்த சார்ஜன்ட் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஒரலோசுவத, மினிஹாத?" என்று சிங்களத்தில் கேட்டார். மணிக்கூட்டைப் பற்றிய முறைப்பாடா, மனிதரைப் பற்றியதா என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். மணிக்கூடு களவுபோகவில்லை, முறையாக விற்கப்பட்டது. மனிதர் காணாமல் போகவில்லை, எங்கே இருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் பேனையை மூடினார். பங்குச் சுவாமியார் வந்து மணிக்கூட்டின் மேல் தீர்த்தம் தெளித்தார், நளீபா துணி கொண்டுவந்து மரத்தைத் துடைத்தாள். சட்டத்தரணி ஒருவர், மனிதரை விற்பது செல்லாது என்று கடதாசியில் எழுதிக் கொடுத்தார். வின்சன்ற் அந்தக் கடதாசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கேற்றுவரை போனார், வெளியே போக முடியவில்லை.

அலவி மணிக்கூட்டையே றோஸிக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். லொறி பிடித்து, மணிக்கூட்டைப் படுக்கவைத்து, பக்கத்தில் வின்சன்றை இருத்தி, தார்ப்பாய் போட்டு அனுப்பினார். மட்டக்குளியில் படியில் திரும்பாவிட்டால் மேற்பாகத்தை அறுத்துவிடுவதென்று றோஸி மரம் அறுக்கும் வாளோடு தச்சன் ஒருவனையும் ஆயத்தமாக வைத்திருந்தாள். மாளிகாவத்தையைத் தாண்டும்போது வண்டி இலேசானதாகச் சாரதி பின்னர் சொன்னார். தார்ப்பாயை நீக்கியபோது கயிறு மட்டும் கிடந்தது. மணிக்கூடு வெள்ளவத்தைக் கூடத்தில் பழைய இடத்தில் நின்று ஓடியது, பக்கத்துக் கதிரையில் தலையில் றோட்டுத் தூசியோடு வின்சன்ற் இருந்தார். இரண்டாம் முறையும் அப்படியே. அன்று நளீபா, விருந்தாளி கேட்கும்படியாகவே கணவனிடம் சொன்னாள்.

"குடுத்தன் குடுத்தண்டு சொல்றீங்க. லொறி போகக்குள்ள எத்தின தரம் திரும்பிப் பாத்தீங்க?"

அலவி பள்ளிவாசலில் வைத்தும் சத்தியம் செய்யத் தயார் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் எழுந்தவுடன் அவர் முதலில் வந்து நின்றது அந்த மணிக்கூட்டின் முன்னால்தான் என்பதை வின்சன்ற் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதனின் மனம் எவ்வளவு விட்டது, எவ்வளவு விடவில்லை என்று அளக்க வழி இல்லை, அலவிக்கே இல்லை.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போனது. வெள்ளவத்தைக் கடைக்காரர்கள் வின்சன்றுக்குப் பழகிவிட்டார்கள். கீழ்வீட்டுக்காரர் சந்திப்புகளுக்குப் பிந்தாமல் போக அவரிடம் யன்னலால் நேரம் கேட்டார். கிழமைக்கொரு முறை அலவி சாவி கொடுக்கும்போது வின்சன்றுக்கு உடம்பில் பலம் ஏறியது, எட்டாம் நாள் காலையில் மறதியாகச் சாவி கொடுக்காவிட்டால் பேசிக்கொண்டிருக்கும் சொல்லின் பாதியில் கண் சொக்கியது. றோஸி தினமும் வருவதை விட்டு இரண்டு நாளைக்கொரு முறை வந்தாள். முழங்கால் நோவு என்றாள். அதுவும் உண்மைதான்.

கடைசியில் அவள் ஹாஷிமிடம் போனாள். அவர் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார், என்றைக்காவது அவள் கேட்டு வருவாள் என்ற பயம் அவருக்கு இத்தனை நாளும் இருந்தது.

"சுத்தியல் விழுந்தா விழுந்ததுதான், தங்கச்சி. நான் அதத் திருப்பி எடுக்க ஏலாது. வேணுமெண்டா திரும்பவும் ஒருக்கா அடிக்கலாம்."

கட்டியது சுத்தியல், அவிழ்ப்பதும் சுத்தியலாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய கணிப்பு. சுத்தியலுக்கு யாருடைய மனமும் தேவையில்லை. இந்த முறை 'உள்ளே இருப்பது நீங்கலாக' என்று சொல்லிவிடவா என்று அவர் கேட்டார். றோஸி யோசித்தாள்.

"நீங்கலாக எண்டா, அவர் பிறகு எங்க நிப்பார்?"

மணிக்கூட்டோடும் இல்லை, வீட்டிலும் இல்லை என்றால் மீதி எந்த இடம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆகவே எல்லாவற்றோடும் சேர்த்தே விற்பது, றோஸி வாங்குவது என்று முடிவானது. அலவி சம்மதித்தார், ஆனால் கேட்ட விலையை அன்றே காசாகக் கட்டாவிட்டால் விற்பனை செல்லாது என்று ஹாஷிம் சொல்லிவிட்டார். கொட்டாஞ்சேனை ஆட்கள் யாரும் கை தூக்குவதில்லை என்று மாதா கோயில் வாசலில் பேசிக்கொண்டார்கள். வெளியாட்களைத் தடுக்க ஒரு வழிதான் இருந்தது, மணிக்கூடு ஓடக்கூடாது. ஓடாத மணிக்கூட்டை, பின்பலகையும் இல்லாததை, வியாபாரிகள் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். வின்சன்ற் அசையாமல் நின்றால் போதும்.

அதற்காக அவர்கள் பழகினார்கள். றோஸி எதிரே நின்று அவருடைய இரண்டு தோள்களையும் பிடித்துக்கொள்ள, அவர் மூச்சை அடக்குவார். முதலில் ஒரு அருள்நிறைந்த மரியே செபம் சொல்லி முடிக்குமுன்னரே உடம்பு சாய்ந்துவிடும். பிறகு இரண்டு சொல்ல முடிந்தது. ஓகஸ்ட் மாதத்தில் ஜெபமாலையில் அடுத்தடுத்து வரும் பத்து மரியே செபங்களையும் சொல்லி முடிக்கும்வரை, அவள் பிடிக்காமலேயே, அவர் அசையாமல் நின்றார், மணிக்கூடும் நின்றது. அந்த நேரம் அவருடைய முகம் சாம்பல் நிறமாகிவிடுவதைக் கண்டு நளீபா உள்ளே போய்விடுவாள். ஹாஷிம் தான் அதற்குமுன் முடித்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார்.

இரண்டாவது ஏலம் 2024 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அதே மண்டபத்தில் நடந்தது. அலவியின் பொருளாகவே ஏலத்துக்குப் போனதால் மணிக்கூடு இந்த முறை வழியில் மறையவில்லை. வின்சன்ற் அதே திரைக்குப் பின்னால் நின்றார். முன்வரிசைகளில் நுகேகொடை வியாபாரிகள் இருந்தார்கள், பக்கத்து மேசையில் தொலைபேசி வழியாகக் கேட்பவர்களுக்காக ஒரு பெண் போனைப் பிடித்தபடி இருந்தாள். கொரோனா காலத்துக்குப் பின் வந்த ஏற்பாடு அது. பட்டாளத்துப் பெட்டகம் ஒன்று போனது, வாள் ஒன்று போனது, முரசை யாரும் கேட்கவில்லை. மணிக்கூட்டின் முறை வந்தபோது வின்சன்ற் மூச்சை அடக்கினார், மணிக்கூடு நின்றது. வியாபாரி ஒருவர் எழுந்து வந்து, காதை வைத்துக் கேட்டு, பின்பக்கம் கறையான் என்று பக்கத்திலிருந்தவருக்குச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். ஹாஷிம் அவசரமாகத் தொடங்கினார். ஐந்தாம் வரிசையில் றோஸி கையைத் தூக்கினாள். வேறு கை எழவில்லை. ஹாஷிம் ஒருதரம் என்றார், இரண்டுதரம் என்றார்.

திரையின் விலகல் வழியாக வின்சன்ற் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேவாலயத்துக்கு உடுக்கிற நீலச் சேலையில், தூக்கிய கையோடு, அவள் நின்றாள். இனி முடிந்தது என்ற எண்ணம் அவருக்கு வந்திருக்க வேண்டும். அவர் அவளுடைய பக்கமாக மிகச் சிறிதளவு சாய்ந்தார். மணிக்கூடு டிக் என்றது. சாய்ந்ததைத் திருத்த மறுபக்கம் நிமிர்ந்தார், மறுபடியும் டிக் என்றது. அதன்பின் அவர் பெட்டியைக் கட்டிப் பிடித்தும், நெற்றியைப் பக்கப்பலகையில் அழுத்தியும் பார்த்தார். முதல் ஏலத்தில் ஓடவைக்கப் பட்ட பாட்டைவிட நிறுத்தப் பட்ட பாடு பெரிது. மணிக்கூடு அமைதியான மண்டபத்தில் தெளிவாக ஓடியது. போன் பிடித்திருந்த பெண், அந்தப் பக்கத்திலிருந்து என்ன சத்தம் என்று கேட்கிறார்கள் என்றாள், பிறகு கையைத் தூக்கினாள்.

றோஸி தூக்கிய கையை இறக்கவில்லை. தன்னால் இயன்ற அளவுக்கும், பின்பு அலவி தான் தருவதாகத் தலையசைத்துக் காட்டிய அளவுக்கும், அதற்கு மேல் கோயில் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சொன்ன அளவுக்கும் அவள் போனாள். போன் அதற்கும் மேலே போனது. ஹாஷிம் சுத்தியலைப் பிடித்தபடி நேரம் கடத்திப் பார்த்தார், தண்ணீர் குடித்தார், வியாபாரிகள் முணுமுணுத்தார்கள். வழக்கமான வார்த்தையை அன்று அவர் சொல்லவில்லை, சொல்லாமலே சுத்தியலை இறக்கினார். அதனால் எதுவும் மாறவில்லை.

வாங்கியது நுவரெலியாவில் உள்ள ஒரு ஹோட்டல். அதுவரை வெள்ளவத்தைக்குத் திரும்பி நின்ற மணிக்கூட்டை ஏற்ற லொறி மூன்றாம் நாள் வந்தது. நளீபா வின்சன்றுக்கு ஒரு சாப்பாட்டுக் கரியரும் பழைய கம்பளிச் சால்வையும் கொடுத்துவிட்டு, வாசலில் நின்று அழுதாள். அலவி அன்று வீட்டில் இருக்கவில்லை. சுத்தியல் விழுகிற நேரம் ஓடிப்போய் நீயும் கையை உள்ளே விட்டிருக்கலாமே, சேர்ந்தே போயிருக்கலாமே என்று மட்டக்குளிப் பெண்கள் பிறகு றோஸியிடம் கேட்டார்கள்.

"கையைத் தூக்கிக்கொண்டெல்லோ நிண்டனான்," என்றாள் அவள்.

ஹோட்டலின் முன்கூடத்தில், நெருப்புமேடைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பதக்கங்களுக்கும் இடையில் இப்போது மணிக்கூடு நிற்கிறது. பக்கத்தில் வின்சன்றுக்கு ஒரு கதிரையும், ஹோட்டல் சின்னம் பின்னிய பச்சைச் சுவெட்டரும் கொடுத்திருக்கிறார்கள். மலையில் சத்தம் குறைவு. பனிப்புகார் இறங்கிய காலைகளில் டிக் டிக் வெகுதூரம் கேட்கிறது, அவரால் தோட்டத்தைக் கடந்து பிரதான வீதி வளைவுவரை நடக்க முடிகிறது. றோஸி மாதம் ஒருமுறை ரெயிலேறி வருகிறாள். அந்த வளைவில் அவர் அவளுக்காக அசைந்தபடி நிற்பார். ஹோட்டல்காரர் அவளுக்கு வேலையாட்களுக்குரிய கட்டணத்தில் அறை கொடுக்கிறார்கள்.

மணிக்கூட்டின் முன்னால் விருந்தினருக்காகச் சிறிய பித்தளைத் தகடு ஒன்று வைத்திருக்கிறார்கள். லண்டன், 1790 அளவில், என்று அதில் இருக்கிறது. பெட்டி மகோகனி மரம். இயந்திரம் ஆரம்பத்தில் இருந்ததே. பின்பலகை இல்லை. ஊசல் பிற்காலத்தில் மாற்றப்பட்டது.